மணிக்கு நூறு ஃபில்ஸ்

முப்பத்தொரு பால்மாவு டின்கள்
என் மேசையில் வந்து இறங்கின.
மூடியில் கத்தி கிழித்த வாய்.
வயிற்றில் ஒட்டிய கறுப்பு வெள்ளைக் குழந்தை.
ஒரே படத்தை முப்பத்தொரு தடவை நகலெடுத்ததில்
கடைசி நாலைந்து டின்களில்
குழந்தை பெரும்பாலும் மை.

அமைச்சகத்தின் அனுமதிக் கடிதம்
சிஸ்டர் பெலிசிட்டாவின் கோப்பில் இருக்கிறது:
வசூல் ஒரு நாள், வளாகத்துக்குள் மட்டும்.
மனாமாவில் பஞ்சத்துக்குக் கை நீட்டவும் முத்திரை வேண்டும்.
எனக்கு அதில் குறையில்லை.
காசாளராகப் பன்னிரண்டு வருடம்,
முத்திரை கண்டால் மனம் அமைதியாகிறவள்.

தவக்காலம் முடிய இன்னும் பத்து நாள்.
காலை ஏழு முதல் பகல் ஒன்று வரை
பிள்ளைகள் வாயில் எதுவும் போடக்கூடாது.
தாங்கிய ஒவ்வொரு மணிக்கும்
யாராவது ஒருவர் நூறு ஃபில்ஸ்.
படிவத்தில் பெயர், வகுப்பு, மணிநேரம், கையொப்பம்.

பதினோரு மணிக்குக் கண் இருட்டுகிறது என்று வந்த
ஐந்தாம் வகுப்பு ஜெரால்டின்
குளுக்கோஸைக் குடித்து முடித்துவிட்டு
"நாலு மணிநேரம்னு திருத்திக்கோங்க மிஸ்" என்றாள்.
ஹம்தான் கேட்டான்:
"போன மாசம் முழுக்க இருந்தேனே,
அதையும் சேர்க்கலாமா?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எண்ணினேன்.
மஞ்சள் ஐந்து, மஞ்சள் பத்து,
இருநிற நூறு.
வியர்த்த உள்ளங்கைகளின் வாசம்
இன்னும் போகாத அரை தினார் தாள்கள்.
ஒரு சட்டைப் பொத்தான்.
நாலாய் மடித்த பத்து ரூபாய்.
இரண்டாம் வகுப்பு 'சி' டின்னில்
ஒரு பால்பல்.
வங்கி ஏற்காது என்று
அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

படிவங்களின் கூட்டல்
நானூற்றைந்து தினார் அறுநூறு.
டின்களில் இருந்தது
நானூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்று எண்பத்தைந்து.
குறைந்தால் என் சம்பளம் போகும்.
கூடினால் தூக்கம்.
யார் பெயரும் இல்லாமல் விழுந்த
ஆறே முக்கால் தினாரை
மூன்று தடவை திரும்ப எண்ணினேன்.
அசையவில்லை.

இரண்டு மணிக்குக் கேன்டீன் மொயினுல்
அன்றைய கணக்குத் தாளோடு வந்தான்.
சமோசா, ரோல், லபன், பழச்சாறு,
எல்லாவற்றுக்கும் எதிரே
தட்டு வைத்து வரைந்ததுபோல் வட்டமான பூஜ்யங்கள்.
விற்பனையில் நூற்றுக்கு எட்டு அவன் கூலி.
மிஞ்சிய சமோசா அவன் மதியச் சாப்பாடு.
அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை,
தாளைப் பார்த்தால் தெரிகிறது.

டின்களைப் பார்த்தான்.
"மேடம், நானும் இன்னிக்குச் சாப்பிடலை.
எனக்கு யார் கையெழுத்து?"
கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.

சிரிப்புக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று
புதுப் படிவம் ஒன்றை உருவினேன்.
பெயர் மொயினுல் ஹொசைன்.
வகுப்பு கேன்டீன்.
எப்போதிலிருந்து?
"நேத்து ராத்திரி எட்டு."
பதினெட்டு மணிநேரம்.
ஒரு தினார் எண்ணூறு.
என் பர்ஸிலிருந்து எடுத்து
அவன் பார்க்க டின்னில் போட்டேன்.
நான் கையெழுத்திட்டேன்.
அவனும் வங்காளத்தில் தன் பெயரை எழுதி,
எழுத்து நன்றாக வந்திருக்கிறதா என்று
தலைசாய்த்துப் பார்த்தான்.
பிறகு பூஜ்யங்களை என்னிடம் விட்டுவிட்டு
அடுப்படி கழுவப் போனான்.

எனக்குத் திருப்தியாக இருந்தது.
அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு பொய்.
சீல் வைத்தேன், பூட்டினேன்,
மினிபஸ்ஸில் ஜன்னல் சீட்டும் கிடைத்தது.

குதைபியா சிக்னலில் வண்டி நின்றபோதுதான் உறைத்தது.
ஒருவனின் பசியை அளந்து
விலை போட்டு
கப்பலேற்றிவிட்டு வந்திருக்கிறேன்.
அவனுக்கு ஒரு டீ வாங்கித் தரவில்லை.

இறங்கித் திரும்பிப் போகலாமா?
டாக்ஸிக்குச் சில்லறை தேடிக்
கைப்பையைத் துழாவினேன்.
விரலில் தட்டுப்பட்டது
அந்தப் பல்.